முற்றுப்புள்ளி வரை படித்தவர்கள்

ஒரு நீண்ட ஆங்கில வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு, அதன் கீழே நான்கு பத்தி கொண்ட கட்டம் போடுவார்கள். முதல் பத்தியில் வாக்கியத்தின் உட்தொடர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். இரண்டாவதில் அது மெயின் கிளாஸா, சபார்டினேட் கிளாஸா என்ற குறிப்பு. மூன்றாவதில் அது எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்பது. நான்காவதில் இரண்டையும் இணைக்கும் சொல். பழைய எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் உயர்நிலைப் பள்ளியிலேயே கிளாஸ் அனாலிசிஸ் என்ற இந்தப் பகுப்பு தொடங்கிவிடும். இண்டர்மீடியட், பின்னர் பி.யு.சி., பி.ஏ. என்று மேலே போகப் போக வாக்கியங்கள் நீளும், கட்டம் அதேதான். ஆங்கில ஆசிரியர் ஆவதற்கென்று பயிற்சிக் கல்லூரிக்கு வந்தவர், இந்தக் கட்டத்தைக் கை சலிக்கப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இன்று அதே படிப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு கட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றமில்லை. அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் வரலாறு 1856-ல் தொடங்குகிறது. அங்கு வழங்கப்பட்ட எல்.டி. பின்னாளில் பி.டி. ஆகி, அதற்கும் பின்னால் பி.எட். ஆயிற்று. டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றது அங்கேதான். நெடுங்காலம் மாநிலத்தின் பயிற்சிக் கல்லூரிகளை எளிதில் எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. 2008-ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்றுள்ள கல்லூரிகள் 600-ஐத் தாண்டும். அவற்றில் மிகப் பெரும்பான்மை சுயநிதிக் கல்லூரிகள். அன்று பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் தவித்தார்கள். இன்று இடங்கள் ஆட்களைத் தேடுகின்றன.

அன்றைய மாணவரின் கையில் இருந்த இலக்கணப் புத்தகங்கள் இரண்டு. முதலில் நெஸ்ஃபீல்டு. பிறகு, 1935-ல் வெளிவந்த ரென் அண்டு மார்ட்டின். இரண்டுமே இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயக் கல்வியாளர்கள் எழுதியவை. தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல. ஆனால் நம் ஊர் ஆசிரியர்கள் அவற்றை ஊன்றிப் படித்தார்கள். விதி, விதிக்கு விலக்கு, விலக்குக்கு எடுத்துக்காட்டு என்று எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு தாளைத் திருத்தும்போது சிவப்பு மையால் சுழித்துவிட்டு, ஓரத்தில் பிழையின் பெயரையும் எழுதுவார்கள்.

இலக்கணம் வேறு, வாசித்துப் புரிந்துகொள்வது வேறு என்று அந்தப் படிப்பில் பிரிக்க முடியாது. இதை ஒரு வாக்கியத்தை வைத்தே காட்டலாம்.

'த ஃபார்மர் ஹூம் த மெர்ச்சண்ட் ஹாட் சீட்டட் ஃபார் இயர்ஸ் ரெஃப்யூஸ்டு டு செல்.' வியாபாரி பல வருஷமாக ஏமாற்றிவந்த விவசாயி, விற்க மறுத்துவிட்டார் என்பது பொருள். பழைய முறையில் இதில் வரும் 'ஹூம்' என்ற சொல்லைப் பார்ஸிங் செய்யச் சொல்வார்கள். மாணவர் எழுத வேண்டியது இது: ரிலேட்டிவ் புரோனவுன்; அது சுட்டும் பெயர் 'ஃபார்மர்'; செயப்படுபொருள் வேற்றுமை; 'ஹாட் சீட்டட்' என்ற வினைக்குச் செயப்படுபொருள். இந்த ஒரு வரியை எழுதி முடிக்கும்போது, ஏமாற்றியவர் வியாபாரி, ஏமாந்தவர் விவசாயி என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொரு படி போனால், 'ரெஃப்யூஸ்டு' என்ற வினை யாருடையது என்று தேட வேண்டும். அது வாக்கியத்தின் தொடக்கத்தில் உள்ள விவசாயியிடம் போய்ச் சேர வேண்டும். பக்கத்தில் நிற்கும் வியாபாரியிடம் அல்ல. இந்த வேலையைச் செய்யாமல் கட்டத்தை நிரப்பவே முடியாது. கட்டம் நிரம்பிவிட்டால் வாக்கியம் புரிந்துவிட்டது என்று பொருள்.

ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுத்த பி.எட். மாணவர்களுக்கு இதே வாக்கியத்தை நான் வகுப்பில் கொடுப்பதுண்டு. உச்சரிப்பு நன்றாக இருக்கும்; தயக்கமில்லாமல் வாசிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன் நான் கேட்ட வாசிப்பைவிட இது எவ்வளவோ மேல். 'யார் யாரை ஏமாற்றினார்கள்?' என்று கேட்டால், 'விவசாயி வியாபாரியை ஏமாற்றினார், சார்' என்று பலர் சொல்கிறார்கள். 'ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?' என்றால், 'ஃபார்மர்தானே சார் முதலில் வருகிறது' என்பது பதில். ஹூம் என்ற சொல்லின் மேல் கண் விழுகிறது, ஆனால் நிற்கவில்லை. அடுத்த வாக்கியத்தில் வியாபாரி கோபப்பட்டார் என்று வந்தால், ஏமாந்தவர் அவர்தான் என்ற தவறான எண்ணம் இன்னும் உறுதியாகிவிடுகிறது.

இந்தத் தடுமாற்றத்துக்கு நம் மொழியின் அமைப்பும் ஒரு காரணம். தமிழில் விளக்கம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும், வினை கடைசியில் வந்து முடிக்கும். ஆங்கிலத்தில் பெயர் முதலிலேயே வந்துவிடுகிறது; விளக்கம் நடுவில் புகுந்து, வினையைத் தூரத் தள்ளிவிடுகிறது. அந்தப் பெயரை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு வினை வரும் வரை காத்திருக்க வேண்டும். தமிழ் பேசி வளர்ந்த ஒருவருக்கு இது தானாக வராது. யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய கட்டம் செய்தது அதைத்தான், அது அந்த நோக்கத்தோடு உருவாக்கப்படவில்லை என்றாலும்.

இப்போதைய மாணவர் வேறொன்றில் பழகியிருக்கிறார். காம்ப்ரிஹென்ஷன் பகுதி வந்தால் முதலில் கேள்விகளைப் படி, கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு, அந்த வரியை எடுத்து எழுது. பள்ளியில் இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லிக் கொடுத்தார்கள், மதிப்பெண்ணும் கிடைத்தது. பத்தி முழுவதையும் படிக்காமலே ஐந்துக்கு ஐந்து வாங்க முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு என்று அந்தப் பழக்கமே துணைக்கு வந்து, கடைசியில் அவரை ஆசிரியர் மேசை வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. நாளை அவர் தம் மாணவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுப்பார்.

கல்வி நிலையை ஆராயும் ஏசர் அமைப்பு 2023-ல் இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைச் சோதித்தது. ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படிப் படித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் ஏறக்குறைய நாலில் மூன்று பேர்தான். இன்னும் சில ஆண்டுகளில் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வரப்போகிறவர்கள் இந்த வயதினர்தாம்.

பழையதை நினைத்து ஏங்குவது எளிது. ஆனால் அதன் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். வாக்கியத்தை அக்கக்காகப் பிரித்த அந்த மாணவர், அதே ஆங்கிலத்தில் ஒரு வழிப்போக்கருக்கு ரயில் நிலையம் போக வழி சொல்லத் திணறினார். அவர் கேட்ட ஆங்கிலம் பெரும்பாலும் தம் ஆசிரியரின் ஆங்கிலம். அந்த ஆசிரியர் கேட்டது அவருடைய ஆசிரியரின் ஆங்கிலம். புத்தகத்தில் மட்டுமே பார்த்த சொற்களை எழுத்துக் கூட்டி உச்சரித்தார்கள். திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியைப் போல, உலகமே கேட்டு வியக்கும்படி ஆங்கிலம் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டு அந்தக் காலத்தையே அளக்கக் கூடாது. நான்-டீடெயில் நாவலைப் படிக்காமல் பஜார் நோட்ஸில் சுருக்கத்தைப் படித்துத் தேறியவர்கள் அன்றும் ஏராளம்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த வகுப்பறைக்குள் யார் இருந்தார்கள் என்பது. எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் தோற்றுப் படிப்பை விட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. கிளாஸ் அனாலிசிஸ் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் என்று நாம் எண்ணும்போது, அந்த வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களை எண்ணுவதில்லை. இன்று என் முன்னால் இருப்பவர்களில் பெண்கள்தாம் அதிகம். பலருடைய வீட்டில் அவர்தான் முதல் பட்டதாரி. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகள், பயிற்சிக் காலத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு முன் நின்று, கைபேசியில் ஒலியைப் போட்டுக் காட்டி, 'லிசன், அண்டு ரிபீட்' என்கிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திரும்பச் சொல்கிறார்கள். அந்தத் துணிச்சல் எங்கள் காலத்தில் எங்களிடம் இல்லை. இதை இழக்கச் சொல்லும் எந்தப் பழம்பெருமையும் எனக்கு வேண்டாம்.

அவரே அன்று மாலை வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தினார். ஒரு பிள்ளை 'ஹி டிட் நாட் வென்ட்' என்று எழுதியிருந்தது. உடனே 'வென்ட்' என்பதை அடித்துவிட்டு 'கோ' என்று சரியாக எழுதினார். 'ஏன் மிஸ் வென்ட் வராது? நேற்று நடந்ததுதானே?' என்று அந்தப் பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. 'அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்காதும்மா' என்றார் அவர். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது, அதனால் அடுத்த வினை வெறும் வடிவில் நிற்கிறது என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும். காது அவருக்கு இருந்தது, காரணம் இல்லை. அந்தப் பிள்ளைக்கோ காதும் இன்னும் வரவில்லை, வீட்டில் ஆங்கிலம் கேட்கவும் வழியில்லை. அதற்குக் காரணம் மட்டும்தான் பிடிமானம்.

கட்டம் எப்படிக் காணாமல் போனது? ஒரே நாளில் யாரும் அதை எடுத்து எறியவில்லை. 1952-ல் சென்னை மாநிலம் ஸ்ட்ரக்சுரல் சிலபஸைக் கொண்டுவந்தது. விதிகளைச் சொல்லாமல், வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திப் பயிற்சி கொடுப்பது அதன் வழி. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கியது; இன்று அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். அந்தக் காலத்திலேயே, தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் முயற்சி சென்னை மாநிலத்தில் நடந்தது. சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் மற்றவர்களுக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று பரப்பினார்கள். 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற பெயரில் உலக ஆங்கிலக் கற்பித்தல் வரலாற்றில் அது இடம்பெற்றிருக்கிறது. கைமாறக் கைமாற அதன் சாரம் மெலிந்தது என்பதும் அதோடு சேர்த்தே பேசப்படுகிறது.

1979 முதல் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சோதனை இன்னும் துணிச்சலானது. இலக்கணத்தைத் தனியே கற்பிக்க வேண்டாம். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்கிடவும் முடிவெடுக்கவும் சொல்வோம். பொருளில் கவனம் இருக்கும்போது இலக்கணம் உள்ளே படியும் என்றார் அவர். 1987-ல் வந்த அவருடைய நூலை உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறார்கள். பிரபுவின் வழி தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்த வழியில் நடத்த, மொழியில் நன்கு ஊறிய ஆசிரியர் வேண்டும். மாணவனுக்கு விதியைச் சொல்லாமல் இருக்கலாம். ஆசிரியருக்கு அது தெரியாமல் இருக்கக் கூடாது. நாம் மாணவர் பாடத்திலிருந்து இலக்கணப் பகுப்பை எடுத்தோம். அந்த மாணவரே பத்து வருஷத்தில் ஆசிரியராகத் திரும்பி வந்தபோது, அவருக்கென்று அதை எங்கேயும் வைக்கவில்லை. சறுக்கியது இந்த இடத்தில்தான்.

தேர்வும் தன் பங்கைச் செய்தது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் இரண்டு தாளாக இருந்தது. 2019-ல் அதை ஒரே தாளாக்க அரசாணை வந்தது; பிள்ளைகளின் சுமை குறைந்தது உண்மை. ஆசிரியர் ஆவதற்கான வாசலில் ஆசிரியர் தகுதித் தேர்வு நிற்கிறது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் அது முதன்முதலாக நடந்தபோது ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். ஒன்றரை மணி நேரம் போதாது என்று, அதே ஆண்டு நடந்த மறுதேர்வில் மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். அந்தத் தேர்வின் மொத்தக் கேள்விகள் 150; அதில் ஆங்கிலத்துக்கு 30. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் மட்டுமே கற்பிக்கப் போகிறவருக்கும் அதே 30தான். மீதியில் 60 கேள்விகளுக்கு அவர் கணிதம்–அறிவியலையோ சமூக அறிவியலையோ தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். 2018-ன் அரசாணை 149-க்குப் பிறகு நியமனத்துக்கென்று தனித் தேர்வு வந்தது; அதில் பாடத்துக்கு 150 கேள்விகள் உண்டு. அதுவும் நான்கில் ஒன்றைக் குறிக்கும் தேர்வுதான். ஆங்கில ஆசிரியராக வேலைக்குச் சேரும் வரை, இந்தத் தேர்வுகளில் ஒருவர் தாமே ஒரு வாக்கியம்கூட ஆங்கிலத்தில் எழுதத் தேவையில்லை.

ஹாங்காங்கில் 2001 முதல் ஆங்கில ஆசிரியர்களுக்கென்று ஒரு மொழித் திறன் தேர்வு இருக்கிறது. அதன் எழுத்துத் தாளில் மாணவர் எழுதிய ஒரு கட்டுரையைக் கொடுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்கிறார்கள். திருத்தினால் மட்டும் போதாது. அது ஏன் பிழை என்று விளக்கி எழுதவும் வேண்டும். நோட்டுக்கு முன் நின்ற அந்தப் பிள்ளையின் 'ஏன் மிஸ்?' என்ற கேள்விதான் அங்கே தேர்வுக் கேள்வி.

நம் பயிற்சித் திட்டத்தில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓராண்டாக இருந்த பி.எட். 2015 முதல் ஈராண்டாயிற்று. பள்ளியில் செலவிடும் காலம் 20 வாரமாயிற்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பாடத்திட்டத்தில் 'நூல்களை வாசித்தலும் சிந்தித்தலும்' என்ற ஒரு பகுதியே உண்டு. யார் எழுதினாரோ, நல்ல மனம் படைத்தவர். நடைமுறையில் அந்தப் பகுதி ஒரு ரெக்கார்டு நோட்டாகச் சுருங்கிவிட்டது. போன வருஷத்து அக்காவின் நோட்டைப் பார்த்து இந்த வருஷத்துத் தங்கை எழுதுகிறார். இப்போது அதுவும் குறைந்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நொடியில் நூல் மதிப்புரையைக் கொடுத்துவிடுகிறது. பிழையே இல்லாத ஆங்கிலம். அதை எழுதி ஒப்படைத்தவரிடம் இரண்டாம் பத்தியின் முதல் வாக்கியத்துக்குப் பொருள் கேட்டால் தலை குனிகிறார். கருவிகள் பெருகியிருக்கின்றன, அகராதி சட்டைப்பையில் இருக்கிறது, ஆங்கில நாளிதழ் ஒரு காசு செலவில்லாமல் கைக்கு வருகிறது. அன்று வாசகசாலையில் ஒரே ஒரு 'ஹிந்து'வுக்காக வரிசையில் காத்திருந்தவர்களுக்கு இதெல்லாம் கனவு. ஆனால் காத்திருந்தவர் அந்தத் தலையங்கத்தைக் கடைசி வரி வரை படித்தார்.

1926-லேயே, டாக்கா ஆசிரியர் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், இந்தியச் சூழலில் பிள்ளைகளுக்கு முதலில் தேவை வாசிப்புத் திறனே என்று வாதிட்டார். பேச்சை அவர் பின்னுக்குத் தள்ளியதை இன்று ஏற்க முடியாது. வாசிப்பு பற்றி அவர் சொன்னது இன்னும் பழசாகவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. பயிற்சிக் கல்லூரியில் தினமும் அரை மணி நேரம், ஒரே ஒரு பக்கம். வேகமாக முடிக்க வேண்டாம். ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் எது என்று இன்னொருவர் சொல்லட்டும். நீண்ட வாக்கியத்தை எல்லோரும் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். தமிழைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. சில வகுப்புகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் வாரம் சலிப்பாக இருக்கும். பிறகு, விவசாயியும் வியாபாரியும் தங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். 'ஹூம்' என்ற சொல்லில் நின்று பார்க்கும் பழக்கம் ஒரு பருவத்துக்குள் வந்துவிடுகிறது. நாங்கள் பல வருஷம் கட்டம் போட்டுக் கற்றதை, இந்தப் பிள்ளைகள் மிகக் குறைந்த காலத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்; பேசவும் தெரிந்திருப்பதால் அது அவர்களிடம் எங்களைவிட நன்றாகத் தங்குகிறது.

மீதியைத் தேர்வு நடத்துபவர்கள்தாம் செய்ய வேண்டும். ஆங்கில ஆசிரியர் நியமனத் தேர்வில் கொள்குறி வினாக்கள் இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு ஒரே ஒரு விரிவான வினாவைச் சேர்க்கும்படி ஆசிரியர் தேர்வு வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன்: எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய பத்து வரி, அதில் உள்ள பிழைகளைத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக. கேள்வித்தாளில் அது வந்துவிட்டால், மறு வருஷமே பயிற்சிக் கல்லூரிகள் தாமாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடும்.